பாயிரம் இல்லாத மென்பொருள்கள்

தமிழ்ச் சங்க மலரில் மென்பொருளைப் பற்றித் திறனாய்வுக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தத் துணிச்சலை எனக்குக் கொடுத்தது நம் நாட்டுச் சட்டம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி ‘இலக்கியப் படைப்பு’ என்ற சொல்லின் பொருளுக்குள் கணினி நிரலும் அடங்கும். ஆக, சிலப்பதிகாரமும் சம்பளப் பட்டியல் போடும் நிரலும் சட்டத்தின் முன்னால் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இலக்கியம் என்று ஆனபிறகு திறனாய்வுக்கு மட்டும் விலக்கு உண்டா என்ன?

எந்த அளவுகோலை வைத்து ஆராய்வது என்பதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் தொடக்கத்திலேயே சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் சொல்லிவிட்டார். ஒரு நூலின் முகப்பில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறார். செய்தவர் யார், நூலின் பெயர் என்ன, எந்த யாப்பு, எது பொருள், எந்த எல்லைக்குள் வழங்கும், யார் கேட்கத் தக்கவர், என்ன பயன் என்ற ஏழோடு எட்டாவதாக ‘வழி’ என்று ஒன்று. இந்த நூல் எந்த முன்னூலிலிருந்து வந்தது என்பதே வழி. பாயிரம் இல்லையென்றால் அது எவ்வளவு பெரிதானாலும் நூலே ஆகாது என்பது அவர் கட்சி. அவருக்கும் முன்னால் தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் செய்யும் முறைகளாகத் தொகுப்பது, விரிப்பது, இரண்டும் கலப்பது, மொழிபெயர்ப்பது என நான்கைச் சொல்கிறது. இன்றைய மென்பொருள் உரிமங்களில் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டும் வழிப்படைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான். தமிழுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களில் பெரும்பகுதி பாயிரம் இல்லாமல் வெளிவந்தவை. அவற்றுள்ளும் ‘வழி’ சொல்லாமல் வந்தவையே அதிகம். அன்போடுதான் கொடுத்தார்கள், இலவசமாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் அவை செத்துப்போனதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

பெங்களூரில் இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். “ஏன் சார், சும்மா குடுக்கறதுக்கு எதுக்கு லைசென்ஸு? பேப்பர் ஒட்டிக் குடுத்தாத்தான் இட்லி இறங்குமா?” என்று ஒருவர் கேட்டார். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற மென்பொருள்காரர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் தலைகீழாக இருக்கிறது. ஒரு நிரலை எழுதிய கணத்திலேயே, பதிவு எதுவும் செய்யாமலே, பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாய் திறக்காவிட்டால் எல்லா உரிமையும் அவரிடமே நிற்கும். பிறர் அதைப் படியெடுக்கவோ திருத்தவோ திருத்தியதை வெளியிடவோ கூடாது. உரிமம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. “எடுத்துக்கோங்க தம்பி, நம்ம தமிழுக்குத்தானே!” என்று தொலைபேசியில் சொன்னது அன்பு, அதை உரிமமாகக் காட்ட முடியாது. எழுதியவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்தப் பூட்டு தொங்கும். மென்பொருளின் ஆயுள் பத்தாண்டு இருந்தால் பெரிது.

இதுவரை சொன்னது ஒருவரே தனியாக எழுதிய நிரலுக்கு. அப்படி ஒரு நிரல் இன்று கிடையாது. எல்லாரும் பிறர் எழுதிவைத்த நிரலகங்களின் மேல்தான் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் ‘லைப்ரரி’ என்று சொல்வது இவற்றைத்தான். எழுத்தைத் திரையில் வரைய ஒரு லைப்ரரி, ஒலியைச் சுருக்க ஒன்று, பிழை பார்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொருவருக்கும் ஒரு நிபந்தனை.

வீட்டுப் பெண்மணிகளும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் சமையற்கட்டு உவமையாகவே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மரத்தில் கறிவேப்பிலை பறித்துக்கொள்ளலாம், யார் வீட்டு மரம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் இந்த வகை. எதிர்வீட்டு ஆட்டுக்கல்லில் உங்கள் மாவை ஆட்டிக்கொள்ளலாம், மாவு உங்களுடையது. ஆனால் கல்லைக் கொத்தி மாற்றினால் மாற்றிய கல் எல்லாருக்கும் பொது. இது எல்ஜிபிஎல். ஜிபிஎல் உரிமமோ உறைமோர். ஒரு கரண்டி வாங்கி உங்கள் வீட்டுப் பாலில் விட்டால் பானை முழுதும் தயிர். அந்தத் தயிரைப் பிறருக்குக் கொடுக்கும்போது அவர்களும் உறை எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமையோடுதான் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், வெளியே கொடுக்கும்போதுதான் நிபந்தனை. உவமைகள் எல்லாம் ஓரளவுக்குத்தான். நீதிமன்றத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்.

உறைமோரும் பூட்டிய பாலும் ஒரே பானையில் கலந்தால் என்ன ஆகும்? 1996இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் லினக்ஸுக்கு அழகான திரைமுகம் வேண்டும் என்று கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். நிரல்கள் ஜிபிஎல் உரிமத்தில் வந்தன. ஆனால் பொத்தான்களையும் சன்னல்களையும் வரைவதற்கு அவர்கள் பயன்படுத்திய ‘க்யூடி’ என்ற நிரலகம் நார்வே நாட்டின் ட்ரோல்டெக் நிறுவனத்துக்குச் சொந்தம், அப்போது அது கட்டற்ற மென்பொருள் அன்று. “நாங்கள் எழுதியது, நாங்களே விதிவிலக்குத் தருகிறோம்” என்று கேடிஇக்காரர்கள் ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று தோன்றும். அதுவும் முழுதாக முடியாது. அவர்கள் பிறருடைய ஜிபிஎல் நிரல்களையும் எடுத்துச் சேர்த்திருந்தார்கள்; அடுத்தவர் பொருளுக்கு இவர்கள் எப்படி விலக்குத் தர முடியும்? 1998 அக்டோபரில் டெபியன் குழுவினர் கேடிஇயை விநியோகிக்க மறுத்தார்கள். போட்டியாக நோம் என்ற இன்னொரு திரைமுகம் 1997இலேயே பிறந்துவிட்டது. 2000 செப்டம்பரில் க்யூடி 2.2 ஜிபிஎல் உரிமத்தில் வந்த பிறகுதான் சண்டை அடங்கியது. ஒரு லைப்ரரியின் உரிமத்தால் லினக்ஸ் உலகம் இரண்டு திரைமுகங்களாகப் பிரிந்தது. கேடிஇயைத் தமிழாக்கிய அதே சொற்களை நோமுக்கும் தமிழாக்க வேண்டியதாகி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நம் தன்னார்வலர்களுக்கு இரட்டை வேலை வந்து சேர்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். சிம்ப்யூட்டரை நினைவிருக்கிறதா? 1998இல் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கின் விவாதங்களில் முளைத்த யோசனை அது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்படும் கைக்கணினி ஒன்றை வடிவமைத்தார்கள். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளிவந்தது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கும் வந்தது. எதிர்பார்த்த விற்பனையில்லை. கைப்பேசிகள் மலிவாகி வந்த காலம். தோல்விக்கு உரிமம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதன் உரிம ஏடுகளைத் திறனாய்வாளன் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். உள்ளே ஓடிய மென்பொருளுக்கு ஒரு பாயிரம், இயந்திரத்தின் வடிவமைப்புக்கு இன்னொரு பாயிரம் என்று இரண்டு எழுதினார்கள். மென்பொருள் லினக்ஸ் அடிப்படையிலானது, ஜிபிஎல் வழியில் போனது. வடிவமைப்புக்குச் சிம்ப்யூட்டர் பொது உரிமம் என்று தாங்களே ஒன்றை ஆக்கினார்கள். வரைபடத்தை யாரும் பார்க்கலாம், ஆராயலாம். வணிகமாக உற்பத்தி செய்வதானால் அறக்கட்டளைக்குக் கட்டணம் செலுத்த வேண்டும், வளரும் நாட்டாருக்குக் குறைவாகவும் வளர்ந்த நாட்டாருக்குப் பல மடங்கும். மேம்படுத்தினால் ஓராண்டு வரை அதை இரகசியமாக வைத்துப் பயன் அடையலாம், அதன்பின் அறக்கட்டளைக்குத் திருப்பித் தர வேண்டும். மின்சுற்று வரைபடங்களுக்கும் கட்டற்ற உரிமம் எழுதலாம் என்று உலகில் மிகச் சிலரே யோசித்த காலத்தில் நம் ஊரில் இதை எழுதினார்கள். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. குறையும் உண்டு. கட்டணம் என்ற சொல் வந்தவுடன் அது கட்டற்றதன் எல்லைக்கு வெளியே போய்விட்டது. கல்லூரி மாணவன் ஒருவன் நாலு பலகை செய்து விற்றுப் பார்க்கலாமா கூடாதா என்ற ஐயத்திலேயே நின்றிருப்பான்.

காலம் என்ன தீர்ப்புச் சொன்னது? இயந்திரம் போயிற்று, குரல் தப்பியது. சிம்ப்யூட்டருக்காக ரமேஷ் ஹரிஹரன் எழுதிய ‘த்வனி’ என்ற உரை படிக்கும் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், பின்னாளில் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்ஙல் அதை எடுத்து விரித்தார். தமிழ் உட்படப் பல மொழிகள் அதில் சேர்ந்தன. தொல்காப்பியர் சொன்ன விரித்தல்தான். அதற்குள்ளும் ஒரு லைப்ரரி கதை உண்டு. பதிவுசெய்த ஒலித்துணுக்குகளைச் சிறிய இடத்தில் அடைக்க ஜிஎஸ்எம் முறையைப் பயன்படுத்தினார்கள். ஜிஎஸ்எம் முறைக்குப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட புகழ்பெற்ற நிரலகத்தின் நிபந்தனை இரண்டே: இந்தக் குறிப்பை நீக்காதே, எங்களைப் பொறுப்பாக்காதே. கறிவேப்பிலை உரிமம். உறைமோரோடு சண்டை இல்லை. அதனால்தான் பெங்களூரில் எழுதியதை யாரிடமும் அனுமதி கேட்டு அலையாமல் இன்னொருவர் தொடர முடிந்தது.

அடுத்து நான் எடுத்துக்கொள்ளும் வெளியீடு நமக்குத் தொலைவில் நடந்தது. ஆனாலும் தமிழுக்கு அது செய்த நன்மை பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதன் ஸ்டார் ஆபீஸ் தொகுப்பை 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மூலநிரலோடு திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபீஸ். கதவைத் திறப்பதற்கு முன் வீட்டில் எது நம்முடையது, எது இரவல் என்று பார்த்தார்கள். இரவல் வாங்கியவை நிறைய. அடாபாஸ் என்ற தரவுத்தளம், சில எழுத்துருக்கள், படங்கள், எழுத்துப்பிழை பார்க்கும் பகுதி ஆகிய எல்லாம் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தம். பயன்படுத்தத்தான் உரிமம் உண்டு, மூலத்தைத் திறந்து காட்ட உரிமம் இல்லை. எனவே கழற்றி எடுத்தார்கள். பிழைதிருத்தி இல்லாத சொற்செயலி என்பது உப்பில்லாத சாம்பார்தான். ஆனால் அப்படியேதான் வெளியிட்டார்கள், என்ன எடுத்துவிட்டோம் என்பதையும் சொன்னார்கள்.

அந்தக் காலியிடத்தைப் பார்த்து கெவின் ஹென்றிக்ஸ் என்பவர் ‘மைஸ்பெல்’ என்ற நிரலகத்தை பிஎஸ்டி உரிமத்தில் எழுதினார். ஆங்கிலத்துக்கு அது போதும். ஆங்கிலச் சொல்லின் வாலில் ஓர் ஒட்டு, அதிகம் போனால் தலையில் ஒன்று. அங்கேரி மொழிக்காரர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் மொழி நம் மொழி மாதிரி ஒட்டுநிலை மொழி, விகுதிமேல் விகுதி ஏறும். லாஸ்லோ நேமெத் என்ற அங்கேரியர் மைஸ்பெல்லை எடுத்து ஈரடுக்கு விகுதிகளைக் கழற்றிப் பார்க்கும்படி விரித்தார். அதுதான் ‘ஹன்ஸ்பெல்’. ‘வீட்டிலிருந்து’ என்பதை அகராதியில் தனிச்சொல்லாக எழுதாமல், ‘வீடு’ என்ற ஒரு சொல்லிலிருந்து கணினியே பிரித்தறியத் தமிழுக்கு வேண்டியதும் இந்தக் கருவிதானே! ஒட்டுநிலை மொழிக்காரர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு? முதலில் நேமெத்துக்கு. அவருக்கு முன்னால், மூடிய பிழைதிருத்தியை ஒளித்துச் சேர்க்காமல் கழற்றி வைத்த அந்தப் பெயர் தெரியாத வெளியீட்டுக் குழுவினருக்கு.

உரிமத்திலும் நேமெத் கெட்டிக்காரர். மைஸ்பெல் கறிவேப்பிலை வகை என்பதால் அதன் பெயர்க்குறிப்பைக் காப்பாற்றிக்கொண்டு, தம் படைப்பை ஜிபிஎல், எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற மூன்று உரிமங்களில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். ஓப்பன் ஆபீஸின் வாசலும் ஃபயர்பாக்ஸின் வாசலும் வேறு வேறு அளவு. இரண்டிலும் நுழைகிற மாதிரி ஒரே சாவியை அறுத்தார். 2006இல் ஓப்பன் ஆபீஸ் 2.0.2 அதை ஏற்றது, 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 ஏற்றது. தமிழைப் பொறுத்தவரை ஹன்ஸ்பெல் நிறைவானது என்று நான் சொல்லவில்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்துதானே’ என்று நம் பாட்டி ஒரே மூச்சில் சொல்வதற்கு இரண்டடுக்கு எம்மாத்திரம்? வல்லொற்று மிகும் இடம் மிகா இடமும் அதற்குப் பெரிய தலைவலி.

இதே நேர்மையை எச்பி நிறுவனத்தின் டெஸராக்ட் வெளியீட்டிலும் காணலாம். அச்செழுத்தைப் படித்தறியும் அந்த நிரலை 1985 முதல் சுமார் பத்தாண்டுகள் எழுதிப் பரணில் போட்டுவிட்டு 2005இல் திறந்தார்கள். பக்கத்தில் பத்தி எங்கே, படம் எங்கே என்று பிரிக்கும் நுட்பம் நிறுவனத்தின் விற்பனைப் பொருள்களில் இருந்ததால் அதைக் கொடுக்கவில்லை. ஆகவே முதலில் வந்த டெஸராக்ட் இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தைக் குறுக்காகப் படித்து உளறும். பழைய தமிழ் வாரஇதழை அதனிடம் கொடுத்தால் கதையும் விளம்பரமும் கலந்து ஒரு புதுமாதிரிப் புதுக்கவிதை கிடைத்திருக்கும். பிறகு வந்தவர்கள் அந்த உறுப்பைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். இன்று தமிழ் நூல்களை மின்னுருவாக்கும் பலருக்கு அது கைக்கருவி.

இனி நம்மவர்களின் வெளியீடுகள். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்ததற்கு முன்னும் பின்னும் எத்தனை இலவச எழுத்துருக்கள் வந்தன! குறுந்தகடுகளில், இதழ்களின் இணைப்பாக, நண்பர் கை மாறி. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று ஒரு வரி இருந்தால் பெரிது. சொந்தப் பயன்பாடு என்றால் என்ன? இந்தச் சங்க மலரை அதில் அச்சடிக்கலாமா? உங்கள் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாமா? ஒருங்குறிக்கு மாற்றித் தரலாமா? பதில் சொல்ல ஆள் இல்லை. ஒருங்குறி வந்தபோது அந்த எழுத்துருக்களைத் திருத்திக் காப்பாற்றப் பலருக்குத் திறமை இருந்தது, உரிமை இல்லை. அழகான பல வடிவங்கள் அப்படியே நின்றுபோயின.

பலரும் செய்கிற இன்னொரு தவறு, விண்டோஸோடு வரும் ‘லதா’ எழுத்துருவைத் தங்கள் நிரலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது. எல்லார் கணினியிலும் இருக்கிறது என்பதால் பொதுச்சொத்து என்று நினைப்பு. அது மைக்ரோசாஃப்டுக்கு உரியது, மறுவிநியோகம் செய்ய நமக்கு உரிமை இல்லை. மாற்றாக ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் லோஹித் எழுத்துருக்களை ஜிபிஎல்லில் தந்தது, தமிழும் அதில் உண்டு. (லோஹித் என்றால் வடமொழியில் சிவப்பு, நிறுவனத்தின் பெயரில் உள்ள சிவப்புத்தான்!) அதிலும் ஒரு சிக்கல். எழுத்துருவைப் பிடிஎஃப் கோப்புக்குள் பதித்தால் உறைமோர் விதிப்படி அந்தப் புத்தகமே ஜிபிஎல் ஆகிவிடுமோ என்ற அச்சம். அதற்கென்று தனி விதிவிலக்கு எழுத வேண்டியிருந்தது. எழுத்துருக்களுக்கென்றே ஆக்கிய ஓஎஃப்எல் உரிமம் 2005இல் வந்தது. அதில் இந்தக் குழப்பமே இல்லை. லோஹித்தும் 2011இல் அதற்கு மாறியது. நாவலர் பதிப்பைத் தேடி அலைந்த தமிழர்களாகிய நாம் எழுத்துருவின் உரிமப் பதிப்பையும் பார்க்கப் பழக வேண்டும்.

பாராட்டத்தக்க விதிவிலக்கு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அதன் ஒவ்வொரு மின்னூலின் தலையிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பை ஆயத்தம் செய்தவர் பெயர்கள் இருக்கும். எந்த அச்சுப்பதிப்பிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் பலவற்றில் இருக்கும். இந்த முகப்பைச் சிதைக்காமல் வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியும் இருக்கும். பவணந்தியார் பார்த்தால் தலையசைப்பார். ஆனால் நாம் என்ன செய்தோம்? முகப்பை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துத் தங்கள் தளத்திலும் குறுந்தகட்டிலும் போட்டவர்கள் கொஞ்சமா? கேட்டது ஒரே ஒரு நிபந்தனை. அதையும் மதிக்கவில்லை. சங்க இலக்கியத்துக்குப் பதிப்புரிமை கிடையாதுதான். ஆனால் வெயிலில் கண்ணைச் சுருக்கித் தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி இடம் கூடவா கிடையாது?

கல்லெறிகிற நானும் அந்தத் தெருக்காரன்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சொல்விளையாட்டு நிரல் எழுதினோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகள். எழுத்தைக் கூட்டிச் சொல் அமைத்தால் கணினி அதை வாசித்துக் காட்டும். வகுப்பில் நன்றாக ஓடியது. மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிற நம்மவர்கள் கேட்டார்கள். கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஒரு மாலை போதும் என்று நினைத்தோம். ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் உறுப்பின் பெயர், வலப்பக்கம் ‘வழி’ என்று கோடு போட்டு எழுதத் தொடங்கியதும் வெட்கமாகிவிட்டது. பதினொன்றில் நான்குக்கு வலப்பக்கம் காலி.

எழுத்துரு எங்கிருந்தோ வந்தது. அதைத் தூக்கிவிட்டு ஓஎஃப்எல் எழுத்துரு ஒன்றைப் போட்டோம், பத்து நிமிட வேலை. பொத்தான் படங்கள் இணையத்தில் அள்ளியவை; ஓர் அன்பரின் மகள் புதிதாக வரைந்து கொடுத்தாள், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது, அகரவரிசைப்படுத்தும் பகுதி. அது எங்களில் ஒருவர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் எழுதியதன் நகல். “நான் எழுதினதுதானே சார், என்னோடதுதானே?” என்றார். வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளியே என்று சட்டம் சொல்கிறது. இங்கே ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ செல்லாது. அவர் அந்தப் பக்கமே வராமல், பழைய நிரலைக் கண்ணாலும் பார்க்காத ஓசூர் நண்பர் புதிதாக எழுதுவது என்று தீர்மானம்.

நான்காவதுதான் எங்களை உலுக்கியது. நிரலின் உயிரே அந்தச் சொற்பட்டியல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் சேர்த்து, பிள்ளைகளின் வயதுக்கு ஏற்பப் பிரித்து, ஒரு குறுந்தகட்டில் என் கையில் கொடுத்தது. “எல்லாரும் நல்லா இருக்கட்டும், வெச்சுக்குங்க” என்றார். நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கவில்லை. பெரியவரிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவாகப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் காலமாகிவிட்டார். வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியிலிருந்து புதிதாகப் பட்டியல் போடலாம், அதற்கு உரிமைத் தொல்லை இல்லை என்று ஒரு யோசனை வந்தது. ஆறு மாதம் முயன்றோம். சொற்கள் கிடைத்தன. ஏழு வயதுக் குழந்தைக்கு எந்தச் சொல், பத்து வயதுக்கு எது என்று பிரிக்கும் அந்த ஆசிரியரின் கை கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் மகளின் முகவரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினோம். மற்ற வாரிசுகளும் கையெழுத்திட்ட பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. பட்டியலை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஒரே நிபந்தனை, அப்பாவின் பெயர் முதலில் வரவேண்டும், அவர் வேலை பார்த்த ஊரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ‘ஆக்கியோன் பெயர், எல்லை’ என்று அந்த அம்மையார் நன்னூல் படித்துவிட்டா எழுதினார்! அந்த இரண்டு வரிகளையும் அப்படியே உரிமக் கோப்பின் தலையில் சேர்த்துவிட்டோம்.

மென்பொருள் இன்னும் வெளிவரவில்லை. அகரவரிசைப் பகுதி மட்டும் பாக்கி. ஓசூர் நண்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் னகரத்துக்குப் பிறகுதான் வரவேண்டும் என்கிறேன் நான். பிள்ளைகள் தேடுவதற்குச் சகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்கிறார் அவர். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே பேச்சுத்தான்.